வந்தேறி உயிரியல்

பாயிரம்

ஆஸ்திரேலியாவில் ஆளைக் கொல்லவல்ல உயிர்களைப் பட்டியலிட்ட நூல்களுக்குக் குறைவில்லை. விமான நிலையத்துக் கடைகளில் கங்காரு பொம்மைக்கும் கோலா சாவிக்கொத்துக்கும் நடுவில் அடுக்கிவைத்திருப்பார்கள்; அட்டையில் ஒரு முதலை வாயைத் திறந்துகொண்டிருக்கும். அந்நூல்கள் யாவும் ஒரே குறை உடையன. பாம்பை வகைப்படுத்துகின்றன, பாம்பைப் பற்றிப் பேசும் மனிதரை வகைப்படுத்துவதில்லை. பாம்பு எதைத் தின்னும், எந்த மாதம் வெளியே வரும், கடித்தால் எந்த மருந்து என்பதெல்லாம் அறிஞர் கண்டு முடித்தவை. பக்கத்து வீட்டுக்காரர் எப்போது எதைச் சொல்வார், ஏன் சொல்வார் என்பதற்குத்தான் இதுவரை இலக்கணம் இல்லை. அக்குறை நீக்க எழுந்தது இந்நூல் என்க.

கேட்போர் யாவரோ எனின், சிட்னியின் துங்காபியிலோ வென்ட்வொர்த்வில்லிலோ, மெல்போர்னின் டாண்டினாங்கிலோ வாடகைக்கு வீடு பிடித்து, முதல் நாளிரவு செருப்பு, ஷூ, தலையணை மூன்றையும் உதறிப் பார்த்துவிட்டுப் படுத்தவர். காலம் யாதோ எனின், விசா உள்ளவரை. அவையடக்கம் கூறுதல் மரபு. அதை இங்கே சற்று அழுத்தியே கூறுகிறோம். இந்நாட்டில் பாம்பை அடித்தல் குற்றம், தற்பெருமை பேசுவோனை அடித்தல் வழக்கம்.

திணையியல்

பிற நாட்டு நூலோர் உயிர்களை முதுகெலும்பு உடையன, இல்லன என்று பகுப்பர். உழவர் பயன் தருவன, தாரா என்று பகுப்பர். அஞ்சுவோர் கடிப்பன, கடியாதன என்று பகுப்பர். ஆஸ்திரேலியர் பகுப்பு இம்மூன்றும் அன்று. அவர்க்கு உயிர் இருவகைப்படும்: முன்பே இருந்தன, பின்னர் வந்தன. ஆளைக் கொல்லுமா என்ற வினா இப்பகுப்பில் எவ்விடத்தும் எழுவதில்லை. ஆபத்து இங்கே ஒரு குற்றமன்று, தாமதமாக வந்திருத்தலே குற்றம் என்பது எம் துணிபு.

இதற்குச் சான்று காட்டுவோம். நாட்டில் பாம்புக்கடியால் நேரும் சாவுகளில் பெரும்பகுதிக்குப் பொறுப்பு ஈஸ்டர்ன் பிரவுன் என்னும் பழுப்புப் பாம்பு. அது உங்கள் துணி காயப்போடும் கம்பத்தடியில் சுருண்டு கிடக்கிறது எனக் கொள்க. நீங்கள் ஒரு தடியை எடுக்கிறீர்கள். எடுத்த கணமே, சட்டத்தின் பார்வையில் அந்தக் கொல்லையில் உள்ள ஆபத்தான உயிர் நீங்கள்தான். பாம்பு பாதுகாக்கப்பட்டது, நீங்கள் தற்காலிக விசாவில் இருக்கிறீர்கள். செய்யத்தக்கது யாதெனின், குழந்தையையும் நாயையும் உள்ளே இழுத்துக்கொண்டு, கண்ணெடுக்காமல் அதைப் பார்த்தபடி, உரிமம் பெற்ற பாம்பு பிடிப்பவரை அழைத்தல். அவர் வந்து, கொக்கியால் தூக்கிப் பையிலிட்டு, அருகிலுள்ள புதர்க்காட்டிலேயே கொண்டுபோய் விடுவார். வெகுதூரம் கொண்டுபோனால் பாம்பு இடம் தெரியாமல் திண்டாடும் என்பது காரணம். ஒருவரைப் பழகிய ஊரிலிருந்து பெயர்த்து வேறிடத்தில் விட்டால் என்ன ஆவார் என்று இவ்வளவு கருணையோடு எண்ணிப்பார்த்த சட்டத்தைப் புதிதாய் வந்தவர் மெய்சிலிர்க்கப் படிப்பார். பாம்பு பிடிப்பவருக்குக் கூலி கொடுப்பவரும் அவரே.

முதலைக்கும் இதுவே. வடக்கு ஆட்சிப் பகுதியில் உவர்நீர் முதலையைத் தோலுக்காகச் சுட்டுச் சுட்டு ஏறக்குறைய 3,000 அளவில் நிறுத்தியிருந்தார்கள். 1971இல் வேட்டைக்குத் தடை வந்தது. இன்று அவை ஏறத்தாழ 1,00,000. அப்பகுதியின் மக்கள்தொகை இரண்டரை லட்சம். அதாவது இரண்டரை மனிதருக்கு ஒரு முதலை. அந்த அரை மனிதர் எப்படி அரை ஆனார் என்று கேட்பவரை அந்நாட்டார் விரைவில் நண்பராக்கிக்கொள்வர். அப்பகுதியின் ககாடு தேசியப் பூங்காவில் இம்முதலைகள் நிறைந்த ஆறுகளுக்குக் கிழக்கு அலிகேட்டர், தெற்கு அலிகேட்டர் என்று பெயர். அங்கே அலிகேட்டர் கிடையாது. பெயரிட்ட மாலுமிக்கு இரண்டுக்கும் வேற்றுமை தெரியவில்லை. பிழையான பெயரை இருநூறு ஆண்டுகளாக மாற்றாமல் வைத்திருக்கிறார்கள்; உங்கள் பெயரை அலுவலகத்தில் தப்பாகச் சொல்லும்போது இதை நினைத்து ஆறுதல் கொள்க.

இனி வந்தன. 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்பார் விக்டோரியாவில் தம் பண்ணையில் சுட்டு விளையாட 24 முயல்களை விட்டார். அவை கண்டத்தையே மேய்ந்தன. 1935இல் கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று ஹவாயிலிருந்து நூறு சொச்சம் கேன் தேரைகளைக் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்தார்கள். தேரை வண்டைத் தவிர மற்ற யாவற்றையும் தின்றது. இன்று குயின்ஸ்லாந்தில் நல்ல குடிமகன் ஒருவர் மாலை வேளையில் கால்ஃப் மட்டையோடு தோட்டத்தில் இறங்கினால் அவர் கால்ஃப் ஆடப் போகிறார் என்று கருதவேண்டாம்.

வந்தனவற்றுள் தமிழர் தனித்துக் கவனிக்கத்தக்கது மைனா. நம் வீட்டுக் கூரையில் கத்திய அதே மைனா. 1860களில் மெல்போர்ன் காய்கறித் தோட்டங்களில் பூச்சி பிடிக்க ஆள் தேவைப்பட்டபோது கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டது. பின்னர் கரும்புக் காட்டு வேலைக்குக் குயின்ஸ்லாந்துக்கு அனுப்பப்பட்டது. இந்த வரலாற்றைப் பறவை என்ற சொல்லை நீக்கிவிட்டுப் படித்தால் ஃபிஜியிலும் மொரீஷியஸிலும் உள்ள நம் உறவினர் வரலாறாக இருக்கும். மைனா இதுவரை எவரையும் கொன்றதில்லை. ஆயினும் உலகின் மிகக் கொடிய நூறு ஊடுருவல் உயிர்கள் என்று அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தார் தொகுத்த பட்டியலில் இடம்பெற்ற மூன்றே பறவைகளுள் அது ஒன்று. இன்னொன்று செம்புழைக் கொண்டைக்குருவி, அதுவும் நம்மூர்தான். கான்பெராவில் மைனாவைப் பிடிப்பதற்கென்றே குடிமக்கள் சங்கம் வைத்திருக்கிறார்கள். பொறியையும் அவர்களே செய்கிறார்கள்.

அற்றேல், மைனா மரப்பொந்துகளைக் கைப்பற்றிக் கிளிகளைத் துரத்துகிறதே, அது தீங்கன்றோ எனின், தீங்கே. யாம் மறுக்கவில்லை. தீவாய்த் தனித்துக் கிடந்த கண்டத்தின் உயிர்கள் வெளியாரைத் தாங்கமாட்டா என்பது உண்மை. பூனையும் நரியும் அங்கே அழித்த சிற்றுயிர்கள் மீளா. எம் கவனம் வாதத்தின் மேலன்று, அதன் நடையின் மேல். "வந்தார்கள், பெருகினார்கள், கூட்டமாய்ச் சேர்ந்து சத்தம் போடுகிறார்கள், இருக்கிற வீட்டையெல்லாம் பிடித்துக்கொண்டார்கள்." இவ்வாக்கியத்தை ரயிலில் பின்னிருக்கையிலிருந்து கேட்கும் ஒருவர், பேச்சு மைனாவைப் பற்றியதா என்று திரும்பிப் பார்த்தே தெரிந்துகொள்ளவேண்டியிருக்கிறது.

இப்பகுப்பு மனிதர்க்கும் செல்லும் என்பதற்கு ஆவணச் சான்று உண்டு. 1901இல் கூட்டாட்சி அமைந்த கையோடு இயற்றிய முதற் சட்டங்களுள் ஒன்று குடியேற்றத் தடைச் சட்டம். நிறத்தைச் சொல்லி மறுத்தல் நாகரிகமன்று என்பதால் ஒரு மொழித்தேர்வு வைத்தார்கள். அதிகாரி தமக்கு விருப்பமான ஐரோப்பிய மொழியில் 50 சொற்கள் வாசிப்பார், வந்தவர் எழுதவேண்டும். 1934இல் எகோன் கிஷ் என்ற எழுத்தாளர் பல மொழி அறிந்தவராய் வந்து தொலைத்ததால் அவருக்கு ஸ்காட்லாந்து கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள். இத்தேர்வு 1958 வரை இருந்தது. ஒட்டகத்தோடு வந்தவர்கள் கதை அதற்கும் முந்தியது. பாலைவனத்தைக் கடக்கப் பலூசிஸ்தானிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் ஆளும் ஒட்டகமும் வரவழைத்து, எல்லோரையும் ஆப்கானியர் என்றே அழைத்தார்கள். வேலை முடிந்ததும் ஒட்டகத்தைக் காட்டில் விட்டார்கள். ஒட்டகக்காரர் பெரும்பாலோர்க்குக் குடியுரிமை தரவில்லை. பின்னர் ஒரு ரயிலுக்கு அவர்கள் நினைவாகப் பெயரிட்டார்கள்.

இனி, இருந்தார் அனைவரும் இருந்தன போலவே பேணப்பட்டனரோ எனின், இல்லை. இங்கே நூல் சற்றுத் தடுமாறும். அறுபதாயிரம் ஆண்டுக்கு மேலாக இருந்த முதற்குடியினர் 1967 வரை தாவர விலங்குச் சட்டத்தின்கீழ் இருந்தனர் என்பாரும் உளர். அது பொருந்தாது, அப்படியொரு சட்டம் இருந்ததில்லை. இருந்தது அரசியலமைப்பின் 127ஆம் பிரிவு. நாட்டின் மக்கள்தொகையை எண்ணும்போது அவர்களைச் சேர்க்கலாகாது என்றது அது. 1967 மே மாதப் பொதுவாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் ஆம் என்றதால் நீங்கியது. கட்டுக்கதையைத் திருத்தியதால் உண்மை அழகாகிவிடவில்லை என்பதைக் கற்போர் குறித்துக்கொள்க.

புறனடை இரண்டு. முன்பே இருந்ததாயினும் கோதுமையைத் தொட்டால் காப்பில்லை. 1932இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் எமு பறவைகள் வயலில் இறங்கியபோது அரசு இராணுவத்தை லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளுடன் அனுப்பியது. எமு நாட்டின் அரசுச் சின்னத்தில் நிற்கும் பறவை. போரில் எமு வென்றது. மற்றது கிறிஸ்துமஸ் தீவு. அங்கே மழைக்காலத்தின் முதல் மழை விழுந்ததும் கோடிக்கணக்கான செந்நண்டுகள் காட்டிலிருந்து கடலுக்கு நடக்கும். அவை நசுங்கக்கூடாதென்று சாலைகளை மூடுவார்கள்; அவை கடக்கத் தனிப் பாலம் கட்டியிருக்கிறார்கள். அதே தீவில்தான் கடலிலிருந்து கரைக்கு வந்த மனிதர்களை, அவர்களுள் நம் வன்னியாரையும் மட்டக்களப்பாரையும், அடைத்துவைக்கும் முகாமும் கட்டினார்கள். நண்டு கரையிலிருந்து கடலுக்குப் போகிறது. இவர்கள் கடலிலிருந்து கரைக்கு வந்தார்கள். வேற்றுமை திசையில்தான் என்க.

நிலமும் பொழுதும்

அஞ்சத்தக்கன வாழும் நிலம் ஐந்து: கழிவறை, காலணி, கார், தலைக்கு மேல், கடல்.

கழிவறைக்குரியது ரெட்பேக் சிலந்தி. கறுப்பு உடல், முதுகில் சிவப்புப் பட்டை. வீட்டுக்கு வெளியே கழிவறை இருந்த காலத்தில் அதன் இருக்கையடியில் வாழ்ந்து புகழ் பெற்றது. 1972இல் ஸ்லிம் நியூட்டன் இதை வைத்துப் பாடிய பாட்டு நாடெங்கும் பரவியது. தன் பிட்டத்தைக் கடித்த உயிரைப் பற்றி எழுந்து நின்று பாடும் குடி பிறிதொன்றை யாம் அறியோம். மாற்று மருந்து 1956 முதல் உண்டு.

காலணிக்குரியது சிட்னி ஃபனல் வெப். இதில் ஆணே கொடியது. கோடையில் துணை தேடி அலையும்போது ஷூவுக்குள் புகும். முன்பு 13 பேர் இறந்ததாகக் கணக்கு. ஸ்ட்ரூவன் சதர்லண்ட் குழுவினர் 1981இல் மாற்று மருந்து கண்டபின் ஒருவரும் இறந்ததாக உறுதியில்லை. இம்மருந்துக்கு விஷம் வேண்டும். விஷத்துக்குச் சிலந்தி வேண்டும். ஆகவே சிட்னிக்கு வடக்கேயுள்ள ஊர்வனப் பூங்கா ஒன்று, கண்டால் கண்ணாடிப் புட்டியில் பிடித்துக் கொண்டுவந்து தாருங்கள் என்று பொதுமக்களைக் கேட்டுக்கொள்கிறது. மக்களும் தருகிறார்கள். குடியுரிமைத் தேர்வில் இதை வைக்காதது ஏன் என்பது விளங்கவில்லை.

காருக்குரியது ஹன்ட்ஸ்மன். உள்ளங்கையளவு விரியும் சிலந்தி. விஷத்தால் யாரையும் கொல்லாது. வெயில் மறைப்பை நீங்கள் கீழே இறக்கும்போது, நெடுஞ்சாலையில், மடியில் விழுவதே அதன் தொழில். இது தரும் ஆபத்து சிலந்தியின் ஆபத்தன்று, ஸ்டீயரிங்கின் ஆபத்து.

தலைக்கு மேலது மேக்பை. காகக் குடும்பமன்று, பார்க்க அப்படியிருக்கும். கறுப்பும் வெள்ளையுமாய், புல்லாங்குழலைப் போலக் கூவும். வசந்தத்தில் கூட்டில் குஞ்சிருக்கும்போது ஆண் பறவை பின்னாலிருந்து பாய்ந்து தலையைக் கொத்தும். எல்லாப் பறவையும் பாய்வதில்லை, பத்தில் ஒன்றுகூட இல்லை. பாய்கிறவை முகம் அறியும். ஒருமுறை பகைத்த முகத்தை ஆண்டுக்கணக்கில் மறவா. தபால்காரரை மட்டும் தேர்ந்து தாக்குவன உண்டு, சைக்கிளை மட்டும் வெறுப்பன உண்டு. கண் போன வழக்குகளும், அதனினும் கொடியனவும் உண்டென்பதால் சிரித்துத் தள்ளத்தக்கதன்று. செப்டம்பரில் ஆஸ்திரேலியத் தெருக்களைக் காண்பவர், பொறியாளரும் வங்கி மேலாளரும் ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் கட்டுநாடாக்களை முள்ளாகச் செருகிக்கொண்டும், பிள்ளைகள் ஐஸ்கிரீம் டப்பாவில் இரண்டு கண் வரைந்து பின்னந்தலையில் கவிழ்த்துக்கொண்டும் போவதைக் காண்பர். நகராட்சி மரத்தில் அறிவிப்பு வைக்கும். மரத்தை வெட்டாது, பறவையை விரட்டாது. வேறு வழியாகப் போ, ஓடாதே, அதன் கண்ணில் படாமல் அமைதியாக நட என்று கூறும்.

இவ்வறிவுரையை யாம் வேறோரிடத்திலும் கேட்டதுண்டு. 2009இல் மெல்போர்னில் இந்திய மாணவர்கள் ரயிலிலும் தெருவிலும் தாக்கப்பட்டு, பொறுக்கமாட்டாமல் நகரின் நடுவே ஃபிளிண்டர்ஸ் தெருச் சந்திப்பில் உட்கார்ந்து போராடினார்கள். அவ்வாண்டு காவல்துறையிடமிருந்து மாணவர்க்கு வந்த அறிவுரைகளில் இவையும் இருந்தன: விலையுயர்ந்த பொருளை வெளியே காட்டாதே, உன் மொழியில் உரக்கப் பேசாதே. பறவைக்கு முன் ஹெல்மெட்டில் முள் கட்டலாம். இதற்கு எதைக் கட்டுவது என்று அறிவிப்பு எதுவும் வைக்கப்படவில்லை.

கடலுக்கு உரியன மிகப் பல. வடக்கே நவம்பர் முதல் மே வரை சொறிமீன் காலம். கரையோரம் கம்பங்களில் வினிகர் போத்தல் தொங்கும். விரல் நகத்தளவான இருகாண்ஜி என்னும் சொறியால்தான் அங்கே நீந்துவோரைப் பற்றும் கடும் நோய் வருகிறதா என்ற ஐயம் தீர்க்க, 1961இல் கெய்ர்ன்ஸ் மருத்துவர் ஜாக் பார்ன்ஸ் அதைப் பிடித்துத் தம்மையும், தம் ஒன்பது வயது மகனையும், அருகே நின்ற உயிர்காவலர் ஒருவரையும் தீண்டச் செய்தார். மூவரும் மருத்துவமனைக்குப் போனார்கள், ஐயம் தீர்ந்தது. பிள்ளையின் தாயார் கூற்று நூலில் கிடைக்கவில்லை.

ஆனால் கடலில் ஆளை அதிகம் கொல்வது கடலே. ரிப் என்னும் இழுநீரோட்டம் அமைதியான நீர்போல் தோன்றி ஆளை உள்ளே கொண்டுபோகும். அலையில்லாத இடம் பார்த்து இறங்குபவர் புதிதாய் வந்தவர். ஆயினும் 1967 டிசம்பர் 17 அன்று செவியட் கடற்கரையில் நீந்தப்போய்க் காணாமற்போனவர் புதியவரல்லர், பிரதமர் ஹெரால்ட் ஹோல்ட். உடல் கிடைக்கவேயில்லை. மெல்போர்னில் அவர் பெயரால் ஒரு நீச்சல்குளம் அமைத்தார்கள். அயலார் இதைக் கேட்டுச் சிரிப்பர். தமிழர் அவரை வேறொன்றுக்காக நினைக்கவேண்டும். வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையை 1966இல் தளர்த்தி, தகுதியுள்ள பிற நிறத்தாருக்குக் கதவைச் சற்றே திறந்தது அவர் அரசு. முற்றாக நீங்க 1973 ஆயிற்று. துங்காபியில் இன்று இட்லி மாவு கிடைப்பதற்கான காரணங்களுள் அந்தக் கடல் கொண்டுபோன மனிதரும் ஒருவர்.

பெரும்பொழுதைத் தொகுத்தால்: வசந்தத்தில் பறவை, கோடையில் பாம்பும் சிலந்தியும் சொறியும், இலையுதிர்காலத்தில் எஞ்சியவை. அச்சமற்ற காலம் குளிர்காலம் ஒன்றே. அப்போது சூடேறாத வாடகை வீட்டில் கம்பளிக்குள் கிடப்பதால் அதன் பயன் கிட்டுவதில்லை.

மாந்தரியல்

முதல் வகையினர் ஒன்றும் செய்யாதார். எதைக் காட்டினாலும் "அது ஒன்றும் செய்யாது மேட்" என்பர். ஹன்ட்ஸ்மனைக் குறித்து இக்கூற்று உண்மை. ரெட்பேக்கைக் குறித்துப் பெரும்பாலும் உண்மை. பழுப்புப் பாம்பைக் குறித்து இதன் பொருள், நீ ஒன்றும் செய்யாதவரை. முதலையைக் குறித்து இதைச் சொல்பவர் உங்களிடம் நில விற்பனைக்கு வந்தவர். இவ்வகையினர் வீட்டுச் சிலந்திக்குப் பெயர் வைத்து, கொசு பிடிக்கட்டும் என்று கூரையில் விட்டுவைப்பர். இவ்வலட்சியம் வீரமன்று, ஒருவகை மரியாதை. ஆபத்தைப் பற்றி உரக்கப் பேசுதல் விருந்தில் சம்பளத்தைப் பற்றிப் பேசுதல்போல் இவர்களுக்கு நாகரிகக் குறைவு. தமிழருள்ளும் இவ்வகை உண்டு. முப்பது ஆண்டுக்கு முன் வந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர், புதிதாய் வந்த தமிழ்நாட்டுப் பையன் நாற்காலி மேல் ஏறி நிற்பதைப் பார்த்து, "அது ஒண்டும் செய்யாது தம்பி. நீர் முதல்ல இறங்கும், கதிரை உடைஞ்சிடும்" என்பார்.

இரண்டாம் வகையினர் கரடி விடுவோர். யூகலிப்டஸ் மரத்திலிருந்து ஆள் தலைமேல் குதித்துக் கடிக்கும் டிராப் பேர் என்றொரு விலங்கு உண்டென்றும், காதுக்குப் பின் வெஜிமைட் தடவிக்கொண்டால் அணுகாதென்றும் இவர்கள் முகம் மாறாமல் கூறுவர். அப்படியொரு விலங்கு இல்லை. ஆயினும் நாட்டின் மூத்த அருங்காட்சியகமான ஆஸ்திரேலியன் மியூசியம் அதற்கு இலத்தீன் பெயர், உடல் அளவு, வாழ்நிலம் யாவும் தந்து ஒரு பதிவே வைத்திருக்கிறது. அறிவுத்துறை முழுவதும் சேர்ந்து ஒரு பொய்யைக் காப்பது ஏன் எனின், அது தேர்வு. பயந்தவன் தேறான். "பொய்" என்று கோபிப்பவனும் தேறான். "போன வாரம் என் மாமாவை ஒன்று கடித்தது, பாவம், இப்போது நியூசிலாந்துக்காரரைப் போலப் பேசுகிறார்" என்பவன் தேறினான். முன்னாள் மொழித்தேர்வைவிட இது நியாயமானது. பாடத்திட்டம் எல்லோர்க்கும் ஒன்று.

மூன்றாம் வகையினர் கணக்கர். இவர்கள் சொல்வது முற்றிலும் சரி, எவருக்கும் பயன்படாது. 2001 முதல் 2013 வரையான மரணங்களை ஆராய்ந்ததில் பாம்பால் 27 பேர், தேனீயும் குளவியும் கொட்டி 27 பேர் என்றும், சிலந்தியால் ஒருவரும் இல்லை என்றும் கூறுவர். விலங்குகளால் நேரும் சாவில் முதலிடம் குதிரைக்கு, அடுத்து மாட்டுக்கு, பின்பு நாய்க்கு என்பர். இதைக் கேட்டபின் யாம் குதிரையைக் கூர்ந்து நோக்கினோம். நாட்டில் ஆளை அதிகம் கொன்ற அவ்விலங்கின் பந்தயத்துக்காக மெல்போர்னில் நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை பொதுவிடுமுறை. பெண்கள் தொப்பி அணிந்து காணப்போவர். குதிரையும் வந்ததே, முன்பே இருந்ததன்று. 1788இல் முதற் கப்பல்களில் வந்தது. காட்டில் ஓடிப்போய்ப் பெருகி மலைச்சரிவுகளை மிதித்து நாசம் செய்கிறது. ஆயினும் 2018இல் நியூ சவுத் வேல்ஸ், கொசியஸ்கோ மலைக் காட்டுக்குதிரைகளை மரபுச் செல்வம் என்று சட்டமே இயற்றியது. ஆகவே திணையியலில் ஒரு திருத்தம்: எப்போது வந்தாய் என்பதோடு, யாருடைய கப்பலில் வந்தாய் என்பதும் வினவப்படும்.

நான்காம் வகையினர் அஞ்சுவோர், பெரும்பாலும் நாம். இவ்வச்சம் ஆராயத்தக்கது. இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இரண்டு பேர். ஐம்பத்தெட்டாயிரத்தின் நாட்டிலிருந்து வந்தவர் இரண்டின் நாட்டில் ஏன் நடுங்குகிறார்? பாம்பு கடிப்பது வரப்பில் வெறுங்காலோடு நடப்பவரை, தரையில் பாய் விரித்துப் படுப்பவரை. திறன்மிகு தொழிலாளர் விசா கிடைப்பது வேளச்சேரி அடுக்ககத்தில் ஏழாம் மாடியில் வளர்ந்தவருக்கு. கடிபட்டவரும் விசா பெற்றவரும் ஒருவரல்லர்; ஊரில் ஒருவரையொருவர் சந்தித்ததுமில்லை. இந்தியாவில் விஷமுறி மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கை, 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரச் சாலையில் வடநெம்மேலியில் எடுத்துத் தருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரிசார்ட்டுக்குப் போகும் வழியில் அதைக் கடந்து போனவர்தான், சிட்னியில் தோட்டக்குழாயைப் பார்த்துக் கத்துகிறார். பாம்பைக் கண்டு அஞ்சாத தமிழரும் ஆஸ்திரேலியாவுக்கு வந்தார்கள். காட்டில் வளர்ந்தவர்கள், பாம்பின் தடம் பார்த்தே வகை சொல்லக்கூடியவர்கள். அவர்கள் படகில் வந்தார்கள். அவர்களை நண்டுத் தீவில் வைத்தார்கள்.

ஐந்தாம் வகையினர் பழகிய வந்தேறிகள். இவர்களை எழுதும்போது எம் எழுத்தாணி சற்றுத் தயங்குகிறது. இதைப் படிப்போர் பலர் இவ்வகையினர். எண்பதுகளில் போருக்கு அஞ்சி வந்தவர், இரண்டாயிரத்துக்குப் பின் கணினி வேலைக்கு வந்தவரைப் பார்த்து "இவையள் வந்த பிறகுதான் வீட்டு விலை ஏறினது" என்பார். கணினி வேலைக்கு வந்தவர், இப்போது படிக்க வரும் மாணவரைப் பார்த்து "ஒரே வீட்ல பத்துப் பேர் இருக்காங்க சார், நம்ம பேரையே கெடுக்கறாங்க" என்பார். முன்னர்க் கூறிய மைனா வாக்கியம் இங்கே சுத்தமான தமிழில், இரு வட்டார வழக்குகளிலும் கேட்கப்படும். இவர் வீட்டில் நகராட்சியிடம் இரவல் பெற்ற மைனாப் பொறி இருப்பதும் உண்டு.

எங்கிருந்து வருகிறீர் என வினவுவோர் ஆறாம் வகை. இவர்களைப் பெயரறியாச் சிலந்திக்குரிய முறையில் அணுகுக. பெரும்பாலும் தீங்கற்றவர், அவர் பாட்டியும் கிரீஸிலிருந்தோ மால்ட்டாவிலிருந்தோ வந்தவராயிருப்பார், கதை கேட்கத்தான் கேட்கிறார். "துங்காபி" என்ற விடைக்குப் பின்னும் "இல்லை, உண்மையில் எங்கிருந்து?" என்று மீண்டும் கேட்டால் முதுகுப் பட்டையின் நிறத்தைப் பார்க்கவேண்டும். பிலோயீலாவையும் இங்கே கூறுதல் நடுவுநிலை. குயின்ஸ்லாந்தின் உள்ளே, இறைச்சி ஆலை இருக்கும் சிற்றூர். நகரத்தார் பழமைவாதிகளின் ஊர் என்று ஒதுக்குவது. 2018இல் அங்கிருந்து ஒரு தமிழ்க் குடும்பத்தை விடியற்காலையில் அதிகாரிகள் தூக்கிக்கொண்டு போனபோது, அவ்வூரார் நான்கு ஆண்டுகள் விடாமல் வாதாடி, 2022இல் அவர்களைத் திரும்ப வரவழைத்தார்கள். எங்கிருந்து வந்தாய் என்று அவ்வூரார் அவர்களைக் கேட்டார்களா என்பது பதிவில் இல்லை. எங்கே கொண்டுபோனீர்கள் என்று அரசைக் கேட்டது பதிவில் இருக்கிறது.

ஒழிபியல்

கடித்தால் செய்வது, மேலே எங்கும் சொல்ல இடம் வராமையின் இங்கே சொல்லப்படும். பாம்போ ஃபனல் வெப்போ கடித்தால் கழுவவேண்டாம். பாம்புக்கடியாயின், தோலில் உள்ள விஷத்தைக்கொண்டு எந்த இனம் என்று மருத்துவமனையில் சோதிப்பதுண்டு. கீறவேண்டாம், உறிஞ்சவேண்டாம், கயிறிட்டு இறுக்கவேண்டாம். அகலமான மீள்துணிக் கட்டால் கடிவாயில் தொடங்கி உறுப்பு முழுவதும் அழுத்திச் சுற்றி, மரச்சட்டம் வைத்து அசையாமல் கட்டி, படுத்தபடியே இருந்து மூன்று சுழியம் அழைக்க. நிணநீர் வழியே பரவும் விஷத்தை இது தடுத்துவைக்கும். எழுபதுகளின் கடைசியில் இதைக் கண்டவரும் முற்கூறிய சதர்லண்டே. ரெட்பேக்குக்கு இக்கட்டு வேண்டாம், பனிக்கட்டி வைத்து மருத்துவரைக் காண்க.

இனி அமாவாசைச் சோறு. ஊரிலிருந்து மூன்று மாத வருகையாளர் விசாவில் வந்திருக்கும் பாட்டிமார், பிண்டம் வைத்துக் காக்கையைக் கூப்பிடுவர். சிட்னியில் அண்டங்காக்கை உண்டு; குழந்தை அழுவதுபோல் கத்தும். ஆனால் அது மதிலில் இறங்குமுன் மேக்பை வந்து துரத்திவிட்டுத் தானே சோற்றை எடுத்துக்கொள்கிறது. பிதுர்கள் இதை ஏற்றார்களா என்பது ஒரு வழக்கு. காட்டுப் பறவைக்குச் சோறிடாதீர் என்பது நகராட்சியின் கட்சி. நாளும் சோறிட்ட வீட்டாரை மேக்பை கொத்துவதில்லை என்பது பக்கத்து வீட்டு ஒன்றும் செய்யாதார் கட்சி. பாதி கறுப்பு இருப்பதால் பாதிப் பிதுர்களைச் சேரும் என்றார் கோயிலில் விசாரித்து வந்த ஒருவர். பாட்டி கேட்டுவிட்டு, "வெள்ளை வேட்டி கட்டிண்டு, கறுப்பா, தோட்டத்துப் பக்கம் எவன் வந்தாலும் பாஞ்சு மண்டையில போடுமே, அது உங்க தாத்தாதான்" என்று தீர்ப்புச் சொல்லி, இன்னொரு கை சோறு வைத்தார்.

இதனால் மேக்பை அஞ்சத்தக்கன வரிசையிலிருந்து நீக்கப்பட்டு உறவுமுறை இயலுக்கு மாற்றப்படுகிறது. அவ்வியல் இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.